கதவுக் கோணலியல்: ஒரு முன்னாய்வு

வீட்டின் உள்கதவு ஐப்பசியில் நிலையோடு மல்லுக்கட்டுவதும், பங்குனியில் ஒன்றுமே நடக்காததுபோல் லேசாக ஆடி நிற்பதும் நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆயினும் இதற்கென்று ஒரு துறை இன்றுவரை தோன்றவில்லை. அக்குறையைப் போக்கவே கோணலியல் இங்கு நிறுவப்படுகிறது. ஆய்வெல்லை: கெட்டி மரத்தில் செய்த உள்கதவுகள் மட்டும். வாசல் கதவுக்கு மாவிலையும் எலுமிச்சையும் காவல் இருப்பதால் அது விலக்கப்படுகிறது.

இத்துறை முன்னோடிகள் இரு மரபினர். முதலாவது இழைப்புளி மரபு. மழையில் கதவு சிக்கிய மறுநாளே ஆசாரியை வரவழைத்து விளிம்பைச் சீவச் சொல்வது இவர்கள் வழக்கம். சீவிய கதவு கார்த்திகை முழுக்கச் சுகமாகச் சாத்தும். சித்திரையில் அதே இடுக்கு வழியாகப் பல்லி குடும்பத்தோடு போய்வரும். இரண்டாவது பொறுமை மரபு. “தை பொறந்தா தானா சரியாயிடும்” என்று கதவைத் தோளால் இடித்துத் திறப்பவர்கள். வீக்கத்தைப் பொறுத்தமட்டில் இவர்கள் கட்சியே சரி. முறுக்கைப் பொறுத்தமட்டில் இல்லை. வீங்கிய கதவு காய்ந்தால் இறங்கிவிடும். முறுக்கிய கதவு பெரும்பாலும் முறுக்கியதுதான்.

இனி முதன்மைச் சிக்கல். மரவாடிக்குள் நுழையும் குடும்பத் தலைவர் கேட்பது ஒரே கேள்வி: “தேக்குதானே?” வரும் பதிலும் ஒன்றே: “அசல் பர்மா சார்!” இவ்வுரையாடலில் தரவு எதுவும் கைமாறவில்லை என்பதை ஆய்வாளர் வருத்தத்துடன் பதிவு செய்கிறார். தேக்கு உயர்ந்த மரம்தான். 1840களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோப்பு போட்டதே கப்பல் கட்டத்தான். ஆனால் நேற்று அறுத்த பச்சைத் தேக்கைவிட, ஆறப்போட்டுக் காய்ந்த வேம்பு நேராக நிற்கும். “வெட்டி எவ்வளவு நாளாச்சு, எங்கே காய வெச்சீங்க?” என்று கேட்பவரைக் கடைக்காரர் சற்று மரியாதையோடு பார்ப்பார். ஈரமானி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தால் நாற்காலியே போடுவார். அது 12 விழுக்காட்டை ஒட்டிக் காட்டினால் கதவு. 20க்கு மேல் காட்டினால் அது இன்னும் மரம்தான்.

கோணலின் காரணம் எளிது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. எல்லா அழிச்சாட்டியமும் அகலவாக்கில்தான். அதிலும் ஒரு பாரபட்சம் உண்டு. பச்சையிலிருந்து முற்றக் காயும்வரை தேக்கு ஆரத்தின் போக்கில் சுமார் 2.5 விழுக்காடு சுருங்கினால், வளையத்தின் போக்கில் 5.8 விழுக்காடு சுருங்குகிறது. ஆகவே பலகையின் தலைப்பை, அதாவது அறுத்த முனையைப் பார்க்க வேண்டும். வளையங்கள் வில்லாக வளைந்து கிடந்தால் அப்பலகை ஒருநாள் குழியும். நெட்டுக்குத்தாகக் கோடுகோடாக நின்றால், எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் பேரம் பேசலாம்.

கணக்கும் உண்டு. வளையப் போக்கில் அறுத்த தேக்குப் பலகைகளை ஒட்டி 900 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே பாளமாகக் கதவு செய்தால், ஈரம் 4 விழுக்காடு ஏறியதும் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலும். நிலை அவ்வளவு இடம் தராது. அதே அகலத்தில் சட்டமும் பலகையுமாகச் செய்தால், இருபக்க நெடுஞ்சட்டங்கள் மட்டுமே அகலக் கணக்கில் வரும். ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் என்றால் மொத்த வீக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். நடுப்பலகையை ஆசாரி கோந்து போடாமல் காடிக்குள் சும்மா சொருகியிருப்பார். அது தன் இஷ்டத்துக்கு நகரும். கோடையில் அப்பலகை சுருங்கி, பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு “பாலிஷ்ல ஏமாத்திட்டான்” என்று திட்டும் வீடுகள் பல. வேலை தெரிந்த கை என்பதற்கு அந்தக் கோட்டைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெயின்டர் குறித்தும் ஒரு வார்த்தை. கதவின் மேல்விளிம்பில் கையை ஓட்டிப் பாருங்கள். தூசிக்கு அடியில் பூச்சே படாத மரம் சொரசொரக்கும். கண்ணில் படாத இடம் ஈரத்துக்கும் படாது என்பது அத்தொழிலின் ஆழ்ந்த நம்பிக்கை. இரு முகமும் பளபளக்க, தலையும் பாதமும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஒருபக்கம் ஏசி, மறுபக்கம் சென்னைப் புழுக்கம் என்று வாழும் படுக்கையறைக் கதவு வளைவதிலும் வியப்பில்லை.

கடையிலேயே செய்யத்தக்க சோதனை: மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். கதவு நேராக இருந்தால் இரண்டும் நடுவில் தொட்டும் தொடாமலும் சந்திக்கும். ஒன்றையொன்று அமுக்கினாலோ, இடையில் விரல் நுழைந்தாலோ வேறு கதவைப் பார்க்கலாம்.

குளியலறைக் கதவு இவ்வாய்வில் சேராது. உள்ளே வெந்நீர் ஆவி, வெளியே ஃபேன் காற்று, காலடியில் நாள்தோறும் வாளித் தண்ணீர், அங்கே பி.வி.சி.யே தகும். மிச்சமாகும் பணத்தில் மற்ற கதவுகளுக்கு மூன்றாவது கீல் வாங்கிவிடலாம். இரண்டு கீலில் தொங்கும் ஏழடிக் கதவு நடுவில் வளைய நினைத்தால், பிடித்து நிறுத்த அங்கே ஆளில்லை.