கப்பலேறியவர் வம்சாவளி

பரதேசம் போனவனுக்கு ஊருமில்லை, உறவுமில்லை, பேர் சொல்ல ஆளுமில்லை என்று எங்கள் சித்தையன்கோட்டைத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக நிலவிவந்த சித்தாந்தத்தை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து தம் முப்பாட்டனாரின் பூர்வீகத்தைத் தேடிவந்து செம்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கிய ஒரு கனவான், ஒரே ஒரு காகிதத்தைக் காட்டித் தவிடுபொடியாக்கிவிட்டார்.

நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கென்று சென்னையிலிருந்து நம்மவரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் கரைசேர்ந்தது முதல், 1911இல் அந்த ஏற்றுமதி நின்றது வரையில், சென்னை, கல்கத்தா துறைமுகங்களிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்தவர்கள் 1,52,184 பேர். இலக்கமிட்டு, பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று பத்தி பத்தியாக அவர்களைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். துரைமார்களுக்கு நம் வம்சத்தின்மேல் இருந்த வாஞ்சையினால் அன்று; ஒப்பந்த காலம் முடியுமுன் ஆள் ஓடிப்போனால் தேடிப் பிடிக்க வேண்டுமே என்கிற விசாரத்தினால்.

அந்தப் பதிவேட்டின் நகலான கனவானின் காகிதம் ‘மதுரை ஜில்லா’ என்றது. எங்கள் ஊர் அடங்கிய திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான் என்பதை அந்தக் காகிதம் எப்படி அறியும்? ஆகவே மதுரையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டே அவர் இங்கே வந்திருந்தார். டீக்கடையில் விஷயம் பரவிய மாத்திரத்தில், ‘கோபித்துக்கொண்டு கப்பலேறிய’ மூதாதை ஒருவர் இல்லாத குடும்பமே ஊரில் இல்லை என்பது நிரூபணமாயிற்று. பதிவேட்டில் ‘வலது முழங்காலில் தழும்பு’ என்றிருந்ததைக் கேட்ட முதியவர் ஒருவர், தழும்பும் பிதுரார்ஜிதம் என்ற நம்பிக்கையில் வேட்டியை உயர்த்தித் தம் முழங்காலைச் சபைக்குச் சமர்ப்பித்தார். வந்தவர் பூர்வீக நிலத்தில் பாகம் கேட்கக்கூடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் காதோடு சொன்ன பிறகு, பங்காளிகள் ஒவ்வொருவராகக் குறைந்து, முழங்காலும் வேட்டிக்குள் மறைந்தது.

கடைசியில் நானும் அவரும் மிஞ்சினோம். “ஐயா, உங்கள் முப்பாட்டனார் பெயர் என்ன?” என்று அவர் வெகு சகஜமாகக் கேட்டார். பாட்டனார் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். அவருடைய தகப்பனாரை வீட்டில் எல்லோரும் ‘பெரியவர்’ என்றே சொல்லிவந்தபடியால், மரியாதை பெயரை விழுங்கிவிட்டிருந்தது. அதற்கு மேலே சூனியம். ஏழு கடலுக்கு அப்பால் போனவருக்குத் தழும்பு வரையில் தஸ்தாவேஜு இருக்க, ஊரைவிட்டு நகராமல் குலப்பெருமை காத்த என் முன்னோருக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இதிலிருந்து நான் தெளிந்தது யாதெனில், மனிதனை அவன் சந்ததி மறந்துவிடும். அவனை ஓடவிடக் கூடாதென்று கவலைப்படுகிறவன் ஒருநாளும் மறக்கமாட்டான். இக்காலத்தில் நம் தகப்பனார் பெயர், விலாசம், கைரேகை, ஜாமீன்தாரர் சகிதம் நம்மை அத்தனை அக்கறையோடு குறித்துவைப்பவர்கள் கடன் கொடுத்தவர்களே. என் கடனை அடைத்துவிடும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். பேரன் பேத்திகளின் சரித்திர ஆராய்ச்சிக்கு நான் குந்தகம் செய்வதாக இல்லை.