இருபத்தைந்தாயிரம் மணி நேரம் காத்திருந்தவர் யார்?

கேள்வி: எல்.இ.டி. பல்பு அட்டையில் ‘ஆயுள் 25,000 மணி’ என்று போடுகிறார்களே, அவ்வளவு நேரம் எரியவிட்டுப் பார்த்தார்களா?
– வாசகி, பிள்ளையார்குப்பம், பாகூர் கொம்யூன்

பதில்: 2015 ஜனவரியில் மலிவு விலை எல்.இ.டி. பல்புக்கான உஜாலா திட்டம் வருவதற்கு முன்பே, 2014இல், பத்து ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு வாங்கிய ஊர் புதுச்சேரி. கேட்கும் முதல் உரிமை உங்களுக்குத்தான்!

25,000 மணி என்றால், அணைக்காமல் எரித்தாலே மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் அந்த மாடலே கடையை விட்டுப் போய்விடும். அதனால் உள்ளே இருக்கும் சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி எரித்து, வெளிச்சம் மங்குவதை அளக்கிறார்கள். அது நேர்கோட்டில் மங்காது, வளைகோட்டில் மங்கும். அந்தக் கோட்டை நீட்டி, வெளிச்சம் 70 சதவீதத்தைத் தொடும் நாளை ஆயுளின் முடிவாகக் கணிக்கிறார்கள்.

வம்பு நீட்டுவதில்தான். 6,000 மணியில் 4 சதவீதம் மங்கினால் ஆயுள் சுமார் 52,000 மணி. அளவு ஒரே ஒரு சதவீதம் பிசகி 5 ஆனால் 42,000. 3 ஆனால் 70,000! பிசகு இருபக்கமும் ஒன்றுதான், ஆனால் மேல்பக்கம் அதிகம் நீள்கிறது. ஆகவே ஒற்றை எண் போதாது, கீழ் எல்லையும் மேல் எல்லையும் வேண்டும். இருபது சில்லுகளைச் சோதித்தாலும் சோதனைக் காலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் ஆயுள் சொல்லக் கூடாது என்று அமெரிக்க ஒளியூட்டல் பொறியியல் சங்கத்தின் விதி தடுக்கிறது. நல்ல விதி.

இதெல்லாம் சில்லுக்கு. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பல்புக்குள் சில்லுக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் சர்க்யூட் முதலில் போகும். வாரண்டி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.