துரைக்கு வந்த வியாதி, லயத்தில் கிடந்த வைத்தியம்

மலாயாத் தோட்டத் துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. கப்பலேறும்போது விஸ்கியும் கோல்ஃப் மட்டையும் மறக்காமல் எடுத்துவந்தார்கள். சிலபேர் தங்களுக்கே தெரியாமல் இன்னொன்றையும் கொண்டுவந்திருப்பார்கள்: சாப்பாட்டில் உள்ள இரும்பை அளவில்லாமல் உறிஞ்சவைக்கும் ஒரு மரபணுக் கோளாறு. ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ரத்தத்தில் அது சர்வசாதாரணம். நம்மவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கடவுள் எப்போதாவது நம் பக்கமும் பார்ப்பார்.

இரும்பை வேண்டுமென்றே வெளியேற்ற உடம்பில் வழி கிடையாது. ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே வரும், தோலும் குடலும் உதிர்வதில் அவ்வளவே போகும். உள்ளே விடுவதை அளப்பது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கச் செக்ரோலோடு நிற்கும் கிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கிராணி கண்ணயர்ந்துவிடுவார். 4 கிராம் இருக்க வேண்டிய உடம்பில் 20 கிராம்கூடச் சேர்ந்து கல்லீரல், கணையம், இதயம், மூட்டு என்று குடியேறலாம்.

1865இல் பாரிஸ் டாக்டர் துரூசோ இதைப் பார்த்து எழுதினார்: சர்க்கரை வியாதி, கெட்டுப்போன ஈரல், வெண்கல நிறத் தோல். பாரிஸில் வெண்கல மனிதர் தனித்துத் தெரிவார். நெகிரி செம்பிலானின் ரந்தாவ் வெயிலில் தெரிவாரா? துரை கறுத்தால் வெயில். விரல் கணு வலித்தால் டென்னிஸ். ஈரல் வீங்கினால் ஸ்டெங்கா விஸ்கி. அசதி என்றால் மலேரியா. ஆண்மை குறைந்தாலோ, அதை சுங்கை ஊஜோங் கிளப்பில் எவர் வாய்திறந்து சொல்வார்?

இதற்கு வைத்தியம் ரத்தம் எடுப்பது. 500 மில்லி எடுத்தால் 250 மில்லிகிராம் இரும்பு காலி. வாரம் ஒரு பை, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 50 வாக்கில் இறங்கும்வரை. அப்புறம் வருஷத்துக்குச் சில தடவை. ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூறு வருஷம் கண்ட நோய்க்கெல்லாம் ரத்தத்தை உருவினார்கள். மூடத்தனம் என்று அதைக் கைவிட்டார்கள். அது நிஜமாகவே பலிக்கும் நோய் இது என்று 1950 வாக்கில்தான் உறைத்தது.

அதற்குள் துரைக்கு வேண்டிய அத்தனை சிகிச்சையும் லயத்தில் ஓசியில் நடந்துகொண்டிருந்தது. அட்டை? துரை காலில் பூட்ஸ், பால்வெட்டுக்காரர் வெறுங்கால். அட்டைக்கு முடிவெடுப்பதில் என்ன சிரமம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் அவ்வளவாக ஒட்டாது. அதையும் குடித்தது நாம்தான். எல்லாவற்றுக்கும் மேலே கொக்கிப்புழு. ஈரமண்ணில் காத்திருந்து பாதம் வழியே ஏறிக் குடலில் பல்லைப் பதிக்கும். 100 புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லி ரத்தம், அதாவது 1.5 மில்லிகிராம் இரும்பு. சாப்பிட்டுச் சேர்த்தது முழுக்க அதற்கே வாடகை. பெண்களுக்கு மாதவிலக்கும் பிரசவமும் வேறு.

1915இல் ராக்பெல்லர் அறக்கட்டளை டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவைக் கீழ்த்திசைக்கு அனுப்பியது. மலாயாவில் அவர்கள் வேலை இது: நாற்றமெடுக்கும் செனோபோடியம் எண்ணெயைக் குடிக்கவைத்து, பேதியாகவைத்து, வந்ததை அலசிச் சலித்து, புழுவை ஒவ்வொன்றாக எண்ணுவது. விடிகாலையில் பெரட்டில் ஆள் எண்ணிக்கை, பிற்பாடு பால் கணக்கு, இப்போது இது. தோட்டத்துத் தமிழனிடம் எண்ணாமல் விட்டது எதுவுமில்லை. ரத்தசோகைக்குத் தோட்டத்து டிரஸர் கொடுக்கும் இரும்பு மருந்தில் மலம் கறுக்கும். குடித்துவிட்டு அதே வெறுங்காலோடு அதே காட்டுக்கு.

ஒரு நல்ல செய்தி: நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் பிராடன், தமிழருக்கு நரம்பைக் கெடுக்கும் பெரிபெரி வராததற்குப் புழுங்கலரிசியே காரணம் என்று 1907இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அரிசி நரம்பைக் காத்தது. ரத்தத்துக்கு அதனிடம் மருந்தில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, காலில் பூட்ஸும் ஏறியது. சிரம்பானில் கார் ஓட்டும் பேரனின் ரத்தப் பரிசோதனையில் இப்போது ஃபெரிட்டின் ஏறி நிற்கிறது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மரபணு காரணமல்ல. கொழுப்பு படிந்த ஈரலும் மதுவும்தான். நிஜமாக இரும்பு கூடியிருக்கிறதா என்று, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற கணக்கு சொல்லும். 45 சதவீதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அப்படிக் கூடியவர்கள் இரும்பு டானிக், வைட்டமின் சி மாத்திரை பக்கம் போகக்கூடாது. போர்ட் டிக்சனில் அரைவேக்காட்டுக் கெராங்கும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கடல் கிருமி ஒன்றுக்கு இரும்பு என்றால் உயிர்.

“டாக்டர், அப்ப எனக்கும் துரை வியாதியா?”

“துரை வியாதி இல்ல அங்கிள், தொப்பை வியாதி.”

“ஒரு பை ரத்தம் உருவிட்டா சரியாப் போயிருமே?”

“ரத்ததானம் தாராளமாப் பண்ணுங்க. ஆனா ராத்திரி ரொட்டி சானாய் மூணாவதா ஒண்ணு கேக்காதீங்க.”