ரோபோ தொட்டால் குடல் அசையுமா?

கேள்வி: பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை. அப்பாவைப் போல அழுத்தக்காரப் பிள்ளை என்று விட்டுவிடலாமா?

பதில்: அப்பாவின் குணம் பின்னர்தான் தெரியவரும்; ஆனால் முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் மலமான கருமலம் வெளிவராவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றைப் பாதிக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இதற்கு ஒரு காரணமாகலாம். கருவில் குடலை அசைக்கும் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாகக் குடியேறும்போது பாதியில் நின்றுவிட, ஆசனவாயை ஒட்டிய பகுதி அவையின்றிச் சுருங்கியே கிடக்கிறது. அதற்கு மேலுள்ள நல்ல குடலோ மலம் தேங்கி வீங்குகிறது. 1886-இல் இந்நோயை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங்கும் வீக்கத்தையே நோயின் மூலமாகக் கருதினார். குற்றவாளி ஒல்லியாகக் கீழே ஒளிந்திருக்க, பருத்தவன் அகப்பட்டுக்கொண்டான். நரம்பணுவற்ற பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழிழுத்து ஆசனவாயோடு இணைக்கும் சிகிச்சையை 1948-இல் அறுவை மருத்துவர் ஸ்வென்சன் வெளியிட்ட பின்னரே வழக்கு நேரானது.

கேள்வி: அந்த அறுவையை ரோபோவே செய்துவிடுமா?

பதில்: ரோபோ தானாக ஒரு தையலும் போடாது. சற்றுத் தள்ளி அமர்ந்த அறுவை மருத்துவரின் விரலசைவையே அது பின்பற்றுகிறது. கைநடுக்கத்தை வடிகட்டி, முப்பரிமாணக் காட்சியைப் பெரிதாக்கி, மணிக்கட்டுப் போல வளையும் கருவியால் இடுப்பெலும்பின் குறுகிய இடத்தில் சிறுநீர் கழிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளைக் காக்க உதவுகிறது. ஆனால் பெரியவர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அதன் கருவிகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ளவை. அவற்றுக்கிடையே விட வேண்டிய இடைவெளிக்குப் பச்சிளங்குழந்தையின் வயிறே போதாமல் போகலாம். வயிற்றைத் திறக்கும் முறையில் தழும்பும், பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதலெனினும், குடல் மிக வீங்கியிருக்கையிலோ, குழந்தையின் நிலை மோசமாகும்போதோ அதுவே கைகொடுக்கிறது. நோய்ப்பகுதி குறுகியதாயின், வயிற்றில் கீறலே இல்லாமல் ஆசனவாய் வழியாகவே முடிக்கும் முறை 1998-இலேயே மெக்சிகோவிலிருந்து வெளியாகிவிட்டது; அப்போது டா வின்சி என்னும் அறுவை ரோபோவுக்கு வயிற்று அறுவைக்கான அமெரிக்க அனுமதிகூடக் கிடைத்திருக்கவில்லை.

கேள்வி: ரோபோ என்றால் பிழை நேராதல்லவா?

பதில்: எங்கே வெட்டுவது என்பதை ரோபோ அறியாது. குடலிலிருந்து எடுத்த சிறு துணுக்கை உறையவைத்து, நரம்பணு உண்டா என நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அறுவை அரங்கம் காத்திருக்கும். வெட்டும் எல்லை தவறினால், எந்தக் கருவியால் தைத்தாலும் மலச்சிக்கல் நீடிக்கும். குடலழற்சி எம்முறைக்குப் பின்னும் வரலாம்.

கேள்வி: பெற்றோர் எதை விசாரிக்க வேண்டும்?

பதில்: அந்த மருத்துவர் ஆண்டுக்கு இத்தகைய அறுவைகள் எத்தனை செய்கிறார், அன்று நோயியல் மருத்துவர் இருப்பாரா என்பவற்றை. ரோபோவின் விலையை விசாரிக்க வேண்டியதில்லை. அதை மருத்துவமனை ரசீதே தெரிவித்துவிடும்.