பேய்க்கு எத்தினி மார்க்கு?

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. காலேஜ் மலர்ல 'காஞ்சனா' படத்தப் பத்தி எழுதணும், தாத்தா யோசன சொல்லணுமாக்கும்? மல்லாட்ட உரிச்சுக்கிட்டு இருக்கிற கெழவன்கிட்ட சினிமாவுக்கு யோசன கேக்குற பய இந்தக் கடலூரு ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான். கேட்டுட்ட, சொல்றன். பேனாவக் காதுல சொருவாம கையில புடி.

மொதல்ல 'காஞ்சனை', 'காஞ்சனா'ன்னு ரெண்டு பேரயும் போட்டுக் கொழப்பிக்காத. புதுமைப்பித்தன் 1906-ல பொறந்தது நம்ம திருப்பாப்புலியூர்ல. திருநெல்வேலிக்காரங்க எங்காளு எங்காளும்பாங்க, சொல்லிட்டுப் போறாங்க; மொதல்ல அழுதது கெடிலக்கரையில. அவரு 1943-ல 'காஞ்சனை'ன்னு ஒரு கத எழுதினாரு. ராத்திரியில வூட்டுக்குள்ள பொணவாடை வரும். வேலைக்கு வந்து சேந்த பொம்பள பேயா, இல்ல கத சொல்றவன் மனசுதான் அப்புடியான்னு கடைசி வரைக்கும் புடிகுடுக்க மாட்டாரு. அதப் படிச்ச அன்னிக்குக் கொல்லைக்குப் போவ நான் ரெண்டு தடவ யோசிச்சேன்.

இந்தக் 'காஞ்சனா' 2011. 'முனி'க்கு அடுத்தது. ராகவா லாரன்சே எழுதி, எடுத்து, நடிச்சு, பணமும் போட்ட படம். இதுல சந்தேகத்துக்கே எடமில்ல. பேய் வந்தா கதவு அடிக்கும், காத்து அடிக்கும், டிரம்மு அடிக்கும், பயத்துல பக்கத்து சீட்டுக்காரன் நம்மளயும் அடிப்பான்.

ஊனம் எங்கன்னு கேட்ட இல்ல? கிரிக்கெட்டு ஆடப் போன எடத்துல ஸ்டம்ப நட்டானுவ. அடியில பொணம். ரத்தம் பட்ட ஸ்டம்பு வூட்டுக்கே வந்துடுது. நல்ல ஆரம்பம்டா அது! நம்ம புதுமைப்பித்தனுக்கு அந்த ஒரு ஸ்டம்பு போதும். ஆனா லாரன்சு ஒடனே அம்மா இடுப்புல ஏறிக்கிறாரு. அம்மாவா வர்ற கோவை சரளா வாயத் தொறந்தா சிரிப்பு வருது, பொய் சொல்லமாட்டன், நானும் சிரிச்சேன். அதுக்குன்னு? கொத்சுக்குக் கத்திரிக்காய வதக்கி வச்சுட்டு, அத மறந்து ஊருக்கெல்லாம் வத்தல் பொரிச்சுக்கிட்டு இருந்தா, சிதம்பரத்துக்காரன் எலைய மூடிட்டுப் போயிடுவான்.

அத வுடு. பெரிய ஊனம் வேற எடத்துல இருக்கு. சரத்குமாரு வர்ற பகுதி. பெத்தவங்க தொரத்தின திருநங்கை, ஒரு பாய் வூட்டுல தஞ்சம் பூந்து, இன்னொரு புள்ளய எடுத்து டாக்டருக்குப் படிக்க வச்சு, ஆஸ்பத்திரி கட்ட வாங்கின மனைய ஒரு எம்.எல்.ஏ. புடுங்கி, அவளக் கொன்னு பொதைக்கிறான். 'நாட்டாமை'யில சொம்ப வச்சு தீர்ப்பு சொன்ன மனுசன், இங்க வழக்குக்காரியா வந்து நிக்கிறாரு. கண்ணு கலங்கிப்போச்சு எனக்கு. கடலூரு தென்னாற்காட்டுக்குத் தலைநகரா இருந்தப்ப திருநங்கைங்க கூடுற கூவாகமும் நம்ம ஜில்லாதான். அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு மறாநாளு அத அறுத்துட்டு அழுவுற அழுகைய கேட்டவங்க நாங்க. ஆனா பாரு, அதுக்கு முன்னாடி அந்தப் பேயி புடிச்ச லாரன்சு புடவையக் கட்டிக்கிட்டு நம்மளச் சிரிக்க வச்சாரு. அப்பறம் அதே புடவையப் பாத்து அழுவச் சொல்றாரு. எத நம்புறது? இத எழுது. மத்தவன் எவனும் எழுதமாட்டான்.

பழிவாங்கற பேயி நமக்குப் புதுசா? பழையனூர் நீலியக் கேளு. கள்ளிக்கொம்ப கொழந்தையா மாத்தி இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு வணிகன் மேல வழக்கு சொல்லிப் பஞ்சாயத்துக்குப் போனா. எழுவது வேளாளரு அவ பேச்ச நம்பி அந்த வணிகனுக்கு உசுர ஜாமீன் வச்சாங்க. விடிஞ்சா வணிகன் பொணம். எழுவது பேரும் தீயில எறங்கினாங்க. பொய் வழக்குதான், இருந்தாலும் வழக்குன்னு ஒண்ணு போட்டா. இந்தப் படத்துலயும் அந்த எம்.எல்.ஏ. கோயிலுக்குள்ள ஓடி ஒளியறப்ப, பேயி வாசல்ல நின்னு சாமிகிட்ட நியாயம் கேக்குது பாரு, அங்கதான் படம் நிமுருது. மத்த கொலையெல்லாம் கறிக்கடைக் கணக்கு.

நேரம் இருந்தா சிதம்பரத்துல தில்லைக் காளி கோயிலுக்குப் போய்ட்டு வா. சிவன்கிட்ட ஆட்டத்துல தோத்து கோவமா ஊரு எல்லைக்கு வந்தவ. அங்க ரெண்டு சன்னிதி. ஒண்ணு கோவத்துக்கு, இன்னொண்ணு அது தணிஞ்சதுக்கு. லாரன்சு ரெண்டாவது சன்னிதி வரைக்கும் போவல. பேயி தணியறதுக்குள்ள 2015-ல ரெண்டாவது 'காஞ்சனா' வந்துடுச்சு, 2019-ல மூணாவது வந்துடுச்சு. பாவம் அது, எப்பத்தான் தூங்கும்?

மார்க்கு போடணுமா? நூத்துக்கு அறுவது போடு. முப்பத்தஞ்சு சரத்குமாருக்கு, இருவது கோவை சரளாவுக்கு. மிச்சம் என்ன, பேய்க்கு அஞ்சு.