கோட்டூர்புரத்து முட்டி மாமா

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது, பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கோட்டூர்புரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆட்டோக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். "முட்டி மாமாவா? பார்க்குல பெஞ்சுல உக்காந்திருப்பாரு, போங்க" என்று கை காட்டிவிடுவார். இதை ஒரு தனி மனிதரைப் பற்றிய வர்ணனை என்று நினைக்க வேண்டாம். சித்ரா நகரில் ஒருவர், ஹவுசிங் போர்டு குடியிருப்புப் பக்கம் ஒருவர், அடையாற்றங்கரை மரப் பூங்காவில் ஒருவர் என்று இந்த வட்டாரத்தில் முட்டி மாமாக்கள் பரவலாக விளைகிறார்கள். பக்கத்து அடையாறு போனாலும், ஆற்றைத் தாண்டி மயிலாப்பூர் பக்கம் போனாலும் கிடைப்பார்கள்.

அறுபது தாண்டியிருக்கும். முட்டிக்கு மேல் ஒரு பழுப்பு நிற நீகேப். அதை வேட்டிக்கு வெளியே தெரிகிற மாதிரித்தான் போடுவார்; பதக்கத்தை யாராவது சட்டைக்குள் மறைப்பார்களா? கையில் ஒரு துணிப்பை. அதில் தைல பாட்டில், இரண்டு கட்டு கீரை, சுருட்டிய எக்ஸ்ரே. எக்ஸ்ரே பெரும்பாலும் அவருடையதாக இருக்காது.

ஆள் வரும் நடையை வைத்தே நோயாளியைப் பிடித்துவிடுவார். பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டில் கைப்பிடியைத் தேடி, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறவரைக் கண்டால் போதும், மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். "இடதா, வலதா?" என்பது முதல் கேள்வி. "ஏறும்போதா, இறங்கும்போதா?" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; எலும்பு மருத்துவரும் இதையேதான் கேட்பார். வித்தியாசம், மருத்துவர் பதிலையும் கேட்பார்.

அடுத்தது எக்ஸ்ரே. வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "ஜவ்வு சுத்தமா போச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. கிரேடு த்ரீ" என்று தீர்ப்புச் சொல்வார். கிரேடு என்பது கப்சா அல்ல. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் வகுத்த அளவுகோல். பூஜ்யத்தில் தொடங்கி நான்கில் முடியும். எலும்பு மருத்துவமனைகளில் இன்றும் அதுதான் பேச்சு. ஆனால் அந்தப் படத்துக்கும் வலிக்கும் எப்போதும் கணக்கு ஒத்துப்போவதில்லை. படத்தில் தேய்மானம் தெரிந்தும் திருப்பதி மலையை நடந்தே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுமாராக இருந்தும் பாத்ரூமுக்குப் போவதற்கே சுவரைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு இதில் அக்கறை இல்லை. கிரேடு சொன்னவுடன் எதிராளியின் முகம் வாட வேண்டும், அவ்வளவுதான். வாடியதும் அடுத்த வரி தானாக வரும்: "வாஜ்பாய்க்கே ரெண்டு முட்டியும் மாத்தினாங்க. நான் மாத்தாம வெச்சிருக்கேன்!" வாஜ்பாய் கதை நிஜம். 2000இல் ஒரு கால், 2001இல் மறு கால், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில், நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் ரணாவத்தின் கையால்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மாமாவுக்கு இரண்டாவது உத்தியோகம். நுங்கம்பாக்கம் வானிலை மையம் வாய் திறப்பதற்கு முன்னால் இவருடைய வலது முட்டி அறிவித்துவிடும். "குத்துது. நாளைக்கு ராத்திரி ஊத்தும்." 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததே, அதற்கு இரண்டு நாள் முன்பே முட்டி சொல்லிவிட்டது என்பார். அப்படியானால் தரைத்தளத்தில் இருந்த ஸ்கூட்டரை ஏன் மேலே ஏற்றவில்லை என்று யாரும் கேட்டதில்லை, மரியாதை. உலகமும் இந்த விஷயத்தில் மாமாவைப் போலவே குழம்பித்தான் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ வருகைகளை மழைக் கணக்கோடு ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு, மழைக்கும் மூட்டுவலிக்கும் சம்பந்தமே இல்லை என்றது. இரண்டு வருடம் கழித்து மான்செஸ்டர் பல்கலைக்கழகம், ஈரப்பதம் கூடினால் வலி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது என்றது. மாமா இரண்டாவதை மட்டும் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார்.

வைத்தியம்தான் அவருடைய ராஜ்யம். முடக்கத்தான் கீரையில் தொடங்குவார். வேலிகளில் படரும் கொடி. பலூன் போல உப்பிய காயை உடைத்தால் உள்ளே கறுப்பு விதை, அதன் மேல் வெள்ளையாக ஒரு இதய வடிவம். இலையை ஊறவைத்த அரிசியோடு அரைத்துத் தோசை ஊற்ற வேண்டும், கசப்பு தெரியாது என்பார். தெரியும். அடுத்து பிரண்டை. அதைச் சொல்லும்போது மாமாவின் குரலே மாறிவிடும். "இளம் பிரண்டையா பாரு. கைல நல்லெண்ணெய் தடவிக்கிட்டு நார் உரி, இல்லேன்னா ராத்திரி பூரா சொறிவே. நல்லெண்ணெயில சுருள வதக்கணும். புளியைக் கொஞ்சம் தாராளமா வை, நாக்கு அரிக்காது." சமையல் குறிப்பாக இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மஞ்சள் பாலில் மிளகு போடச் சொல்வதும் சரிதான். மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் ஒட்டாது; மிளகின் பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேருகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1998இல் எழுதினார்கள். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம், நொச்சி இலை போட்ட வெந்நீர்... வெப்பம் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், வலி சற்று நேரம் ஒதுங்கி நிற்கும். பிசியோதெரபி கூடத்தில் மெழுகுக் குளியல் கொடுப்பதும் இதற்குத்தான். மிளகாயின் காரத்தைப் பிரித்துச் செய்த களிம்பை மருத்துவர்களே சீட்டில் எழுதுகிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், "எல்லாம் இயற்கைங்க, கெடுதலே கிடையாது" என்ற பல்லவியில். நம் மாநில மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின். நடுராத்திரியில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற கவுட் வலிக்கு அது மருந்து. யூரிக் அமிலம் படிகமாகி மூட்டுக்குள் உட்கார்ந்துகொள்வதால் வருவது அந்த வலி. அதே செடியின் கிழங்கைத் தின்றால் ஆள் காலி. இதைவிட அசல் இயற்கை எங்கே கிடைக்கும்?

பஸ் ஸ்டாண்டில் விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் மாமாவுக்கு நம்பிக்கை உண்டு. "ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு!" போகும். இரண்டு நாளில் போவதுதான் சந்தேகத்துக்கு இடம். மூலிகை என்று விற்கப்பட்ட ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரையைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022இல் எச்சரித்தது. ஸ்டீராய்டு வலியைத் துடைத்துவிடும். கூடவே முகத்தை உப்பவைத்து, சர்க்கரையை ஏற்றி, எலும்பையும் அரிக்கும்.

குழந்தைகள் விரலில் நெட்டி முறித்தால் மாமா அதட்டுவார். "வயசானா கை முடங்கிடும்டா!" கலிபோர்னியாவில் டொனால்ட் உங்கர் என்ற மருத்துவர் தம் அம்மாவும் அத்தை மாமிகளும் சொன்ன இதே எச்சரிக்கையைச் சோதிக்க, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இடது கையை மட்டும் தினமும் நெட்டி முறித்து வந்தார். வலது கை சும்மா இருந்தது. இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. அதற்காக 2009இல் அவருக்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விடாமுயற்சியைப் படித்தபோது, அவர் கோட்டூர்புரத்தில் பிறந்திருக்க வேண்டியவர் என்றே பட்டது.

இத்தனை சொல்கிற மாமா, சொல்லாத ஒன்று நடை. "நடந்தா தேயும்" என்பது அவர் கட்சி. முட்டியை அவர் செருப்பு மாதிரி நினைக்கிறார், குறைவாகப் போட்டால் ரொம்ப நாள் வரும் என்று. ஆனால் முட்டி அப்படி இல்லை. ஜவ்வுக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம்தான் அதற்குச் சாப்பாடு. கால் மடங்கி நீளும்போதுதான் அந்தச் சாப்பாடு உள்ளே போகும். முட்டியின் பாரத்தை வாங்கிக்கொள்வது முன்தொடைத் தசை. அதற்கு வேண்டிய பயிற்சிக்குக் காசும் இல்லை, கசப்பும் இல்லை: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விடுவது, பிறகு நாற்காலியில் கைவைக்காமல் எழுந்து உட்காருவது. எடையைப் பற்றி அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2005இல் சொன்ன கணக்கு இன்னும் ருசிகரமானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. இதை யாரோ படித்துக் காட்டியபோது மாமா கையில் மசால்வடை இருந்தது. "நல்ல ஆராய்ச்சி" என்றார், கடித்துக்கொண்டே.

இதுவரை சிரிக்கலாம். ஒருநாள் ஹவுசிங் போர்டிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். நாற்பது வயதுகூட இருக்காது. "காலைல எழுந்தா விரலு மடங்கவே மாட்டேங்குது சார். குடத்தைத் தூக்க முடியல. வேலைக்குப் போயி ரெண்டு வீடு முடிச்சப்புறம்தான் கொஞ்சம் சரியாவுது." மாமா பைக்குள் கைவிட்டார். "முடக்கத்தான். ஒரு மண்டலம் சாப்பிடு."

நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் நின்றுவிட்டார். "மாமா, நீங்க சித்த சும்மா இருங்க. ஏம்மா, ரெண்டு கையிலயுமா?"

"ஆமாக்கா."

"எத்தினி மாசமா?"

"பொங்கலுக்கு அப்பறம்."

நர்ஸம்மா அந்தக் கைகளை வாங்கிப் பார்த்தார். விரல் தொடங்கும் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. அழுத்தியதும் அந்தப் பெண் பல்லைக் கடித்தார். இது மாமாவின் முட்டி இல்லை. மூட்டுநோயில் நூறு வகைக்கு மேல் உண்டு. வயதோடு வரும் தேய்மானம் ஒன்று. உடம்பின் காவல்படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் முடக்குவாதம் முற்றிலும் வேறொன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு அது இரண்டு மூன்று மடங்கு அதிகம். நடுத்தர வயதிலோ அதற்கு முன்போகூடத் தொடங்கும். சும்மா விட்டால் மூட்டை அரித்துக் கோணலாக்கிவிடும். அரித்தது திரும்ப வராது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைச் சீக்கிரம் தொடங்கினால் அந்த அரிப்பைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தலாம். கீரைக்கு ஒரு மண்டலம், பிரண்டைக்கு ஒரு மண்டலம் என்று போகிற நாளெல்லாம் அந்த விரல்களின் கணக்கில்தான் கழியும்.

மாமா நல்லவர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அவரிடம் பிரண்டைத் துவையல் பக்குவம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, வீக்கமும் இருந்து, அது ஆறு வாரம் நீடித்தால், பெஞ்சைத் தாண்டிப் போய்விடுங்கள். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் பார்க் டவுனில் இறங்கலாம். பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மூட்டு, தசை, இணைப்புத்திசு நோய்களுக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது.