ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய்

பெறுநர்:
ஜிஎஸ்டி கவுன்சில் செயலகம்,
ஜீவன் பாரதி கட்டடம், ஜன்பத், புதுதில்லி.

பொருள்: பீடிக்கு வரி குறைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மாண்புமிகு உறுப்பினர்களே,

2025 செப்டம்பர் 3 அன்று தாங்கள் கூடிய 56-வது கூட்டத்தைப் பாராட்டி நாடெங்கும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பென்சிலுக்கும் அழிப்பானுக்கும் வரி போயிற்று. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 18 சதவீதமாக இருந்தது சுழியமாயிற்று. சிகரெட், குட்கா, பான் மசாலா ஆகியவற்றை 40 சதவீதத்தில் தூக்கி வைத்தீர்கள், அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் அதே பட்டியலில் இருந்த ஒரு வரியை ஏனோ யாரும் கொண்டாடவில்லை: பீடிக்கு 28-லிருந்து 18, பீடி இலைக்கு 18-லிருந்து 5. எல்லா மாநிலப் பிரதிநிதிகளும் சுற்றி உட்கார்ந்து, கட்சி வேறுபாடு பாராமல், ஒருமித்து எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. காவிரிக்கும் கிருஷ்ணாவுக்கும் கூடாத ஒற்றுமை பீடிக்குக் கூடியிருக்கிறது என்றால் அதற்கு நன்றி சொல்ல ஒருவராவது வேண்டாமா? ஆயுளைக் காப்பீடு செய்வதையும் ஆயுளைக் குறைத்துக்கொள்வதையும் ஒரே மாலையில் மலிவாக்க முடிவெடுத்தீர்கள். முன்னது பாலிசி வைத்திருப்பவருக்கு, பின்னது பாலிசி இல்லாதவருக்கு. ஒருவரையும் விட்டுவிடவில்லை. தங்கள் செயலகம் இருக்கும் கட்டடத்தின் பெயரிலேயே ‘ஜீவன்’ இருக்கிறது, பாருங்கள்.

சிகரெட்டுக்கு 40, பீடிக்கு 18 என்று எப்படிப் பிரித்தீர்கள் என்பதுதான் எளியேனுக்குப் பிடிபடவில்லை. உடல்நலக் கேட்டை வைத்துப் பிரித்தீர்களோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2008-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பிரபாத் ஜா குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தியா முழுக்க நிகழ்ந்த சாவுகளை ஆராய்ந்தது. சிகரெட் பிடிக்கும் ஆண் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். பீடி பிடிக்கும் ஆண் 6 ஆண்டு. பீடி பிடிக்கும் பெண் 8 ஆண்டு. பத்து ஆண்டுக்கு 40 சதவீதம் என்றால் ஆறு ஆண்டுக்கு 24 வர வேண்டும். தாங்களோ 18 போட்டிருக்கிறீர்கள். மீதி ஆறு சதவீதம் ஏழைகளுக்கான தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளலாமா? ‘பீடியால் எங்கே சாகிறார்கள், வறுமையால் சாகிறார்கள்; சோறும் மருந்தும் இருந்தால் பீடி என்ன செய்யும்’ என்று கவுன்சிலில் யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். நியாயமான சந்தேகம்தான். அதற்காகவே அந்த ஆய்வு ஒத்த வயதும் ஒத்த படிப்பும் உள்ளவர்களையே ஒப்பிட்டது. புகைக்காத ஆண்களில் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடையே சாகக்கூடியவர்கள் நூற்றுக்கு 41 பேர். புகைப்பவர்களில் 61 பேர். அந்த 41 ஏழ்மையின் கணக்கிலும் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளின் கணக்கிலும் போகட்டும். மேலே நிற்கிற இருபது பேரை எந்தக் கணக்கில் எழுதுவது?

வறுமையும் பீடியும் தனித்தனியாக வருவதுமில்லை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின் விவரங்களைக் கொண்டு கணக்கிட்டதில், நாட்டின் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிறப்பவரின் எதிர்பார்ப்பு ஆயுள் 72.7 ஆண்டு, மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கில் 65.1. அதாவது ஏழை வீட்டுப் பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே ஏழரை ஆண்டு பிடித்தம் ஆகிவிடுகிறது. (ஏழரை என்ற எண்ணைக் கேட்டால் தமிழர்கள் சனிபகவானைத்தான் நினைப்பார்கள், அவராவது பெயர்ந்து போய்விடுவார்.) பிறகு அது வளர்ந்து கல் உடைக்கவோ சித்தாளாகவோ போகிறது. நாற்பதில் ஐம்பதுபோலத் தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் ஒரு டீயும் இரண்டு பீடியும் வாங்கினால் பசி கொஞ்ச நேரம் அடங்கும். நிகோடின் பசியை மறைக்கும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். ‘பீடி குடிக்கப் போறேன்’ என்று சொன்னால் மேஸ்திரி ஐந்து நிமிடம் விடுவார். ‘களைப்பா இருக்கு’ என்றால் விடமாட்டார். சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு கதை பேசலாம். பீடியை அப்படி விட்டால் அணைந்துபோகும். காற்றுப் புகாத அந்த இலைக்காக மூச்சை ஆழமாக, அடிக்கடி இழுத்தாக வேண்டும். உழைத்துக் களைத்தவன் ஓய்வெடுக்கும்போதும் அவனுடைய நுரையீரலுக்கு ஓவர்டைம்.

இப்போது இன்னொரு புகைக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 18 அன்று மின்சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் முழுச் சட்டமே ஆகிவிட்டது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முந்தைய தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் (2016-17) மின்சிகரெட் பயன்படுத்தியவர்கள் 0.02 சதவீதம். பத்தாயிரம் பேரைக் கூட்டினால் இரண்டு பேர். அதே கணக்கெடுப்பில் பீடி பிடித்த வயதுவந்தோர் 7.7 சதவீதம், சுமார் 7 கோடிப் பேர். தடையை அறிவித்தவர் நிதியமைச்சர். பீடிக்கு வரி குறைத்த கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் அதே நிதியமைச்சர். தடையைத் தவறென்று சொல்ல நான் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் மாம்பழ வாசனையில் நிகோடினுக்குப் பழகக் கூடாது என்ற கவலை சரியான கவலைதான். அந்த வேகம்தான் என்னை மலைக்க வைக்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு பேருக்கு அவசரச் சட்டம்; 770 பேருக்குச் சலுகை. மின்சிகரெட் பிடிக்கிற பிள்ளையின் அப்பாவுக்குத் தில்லியில் ஆளைத் தெரியும். பீடி பிடிக்கிறவருக்கு முனைக் கடைக்காரரைத்தான் தெரியும். அந்தக் கடையில் கங்குக் கயிறு தொங்கும், அல்லது நூலில் கட்டிய லைட்டர். கட்டைப் பிரித்து இரண்டும் மூன்றுமாக எடுத்துக் கொடுப்பார்கள். உறையில் 85 சதவீத இடத்தை அடைத்து அச்சிட வைத்த எச்சரிக்கைப் படமும், விட்டுவிட உதவும் இலவசத் தொலைபேசி எண்ணும் கடைக்காரரின் கல்லாப் பக்கமே தங்கிவிடும்.

சரி, ‘பீடி சுற்றும் பெண்களை நினைத்துத்தான் குறைத்தோம்’ என்பீர்கள். தங்கள் தரப்பின் பலமான வாதம் இதுதான். லேசில் தள்ளிவிட முடியாது. பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்களே சுமார் 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் திண்ணைக்குத் திண்ணை சுளகு இருக்கும். ஊறவைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரித்து, ஒரு சிட்டிகைத் தூள் போட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றினால் ஒரு பீடி. இப்படி ஆயிரம் சுற்றினால்தான் முழு நாள் கூலி. குனிந்த கழுத்து நிமிராது, தூள் நெடி வீடெல்லாம் நிற்கும். பீடிக்கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லாதது என்று ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. இலை போதவில்லை என்றால் கைக்காசு போட்டு வாங்கிச் சுற்ற வேண்டும். இந்தப் பெண்களுக்குத்தான் சலுகை என்றால் நான் இங்கேயே கடிதத்தை முடித்துக்கொள்வேன். ஆனால் தங்கள் அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தும் கூலி என்ற சொல்லைக் காணவில்லை. நூறு ரூபாய்ப் பீடி வரியோடு 128 ஆக இருந்தது இனி 118. அந்தப் பத்து ரூபாயை முதலாளி விலையில் குறைத்தால் பிடிப்பவர் இன்னும் இரண்டு கூடுதலாகப் பிடிப்பார். குறைக்காவிட்டால் முதலாளியே வைத்துக்கொள்வார். சுளகுக்கு வந்து சேரும் மூன்றாவது வழி எதையும் கவுன்சில் போட்டுத் தரவில்லை.

போட்டிருந்த ஒரு வழியையும் அடைத்தாயிற்று. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடி உற்பத்தி மேல் ஒரு நல வரி இருந்தது. கடைசியில் ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்ற கணக்கில் வசூலானது. பீடித் தொழிலாளர்களுக்கான ஆஸ்பத்திரிகள், மருந்தகங்கள், பிள்ளைகளின் படிப்புதவி எல்லாம் அந்த நிதியிலிருந்து நடந்தன. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, வரிகளை எளிமையாக்குகிறோம் என்று அதை ரத்து செய்தார்கள். அதன்பின் பட்ஜெட்டில் ஒதுக்கினால் உண்டு. பெண்கள் சுற்றிய பீடியின் வரியிலிருந்தே அவர்களுக்குப் போன ஒரே காசு அது. எளிமையாக்குகையில் முதலில் கண்ணில் பட்டது அதுதான் போலும். தொழிலாளி நலன் பேசும் கவுன்சில் 28-ஐ 28-ஆகவே வைத்துக்கொண்டு, அந்தப் பத்துச் சதவீதத்தை நல நிதிக்கு எழுதி வைத்திருக்கலாம். கூலியை உயர்த்தியதற்குச் சான்று காட்டும் நிறுவனத்துக்கே சலுகை என்றிருக்கலாம். சுளகை இறக்கி வைக்க நினைக்கும் பெண்ணுக்கு வேறு வேலை கற்றுத்தரச் செலவழித்திருக்கலாம். ஐம்பது லட்சம் தொழிலாளர்களின் பெயரைச் சொல்லிக் குறைத்த வரியில் அவர்களுக்கு எவ்வளவு போகும் என்று ஒரு வாக்கியம்கூட எழுதாமல் விட்டதற்கு எளிமை என்றா பெயர்?

அடுத்து, ‘ஏழைக்கு மேலும் வரி போடச் சொல்கிறாயா’ என்று கேட்பீர்கள். ஆமாம், கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போடும் வரி ஏழையை நசுக்கும். சாப்பிடாமல் அவனால் இருக்க முடியாது. பீடி விலை ஏறினால் முதலில் குறைத்துக்கொள்பவனும் அவன்தான், வசதிக்காரன் அல்ல. நம் நாட்டைப் போன்ற நாடுகளில் புகையிலை விலை பத்து சதவீதம் ஏறினால் நுகர்வு ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. விட முடியாமல் தொடர்பவர் மீது பாரம் ஏறும் என்பது உண்மை. அந்த வரியைக் கொண்டு ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் பீடியை விட உதவ ஓர் ஆளை உட்கார வைத்தால்தான் எனக்கும் மனம் ஒப்பும். ஆனால் இப்போது யார் பாரம் சுமக்கிறார்கள்? பீடியால் வரும் நோய்க்கும் சாவுக்கும் 2017-இல் நாடு கொடுத்த விலை 80,550 கோடி ரூபாய் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜிஎஸ்டிக்கு முந்தைய 2016-17-இல் பீடியிலிருந்து கிடைத்த கலால் வரி 417 கோடி. பிறகு வந்த 28 சதவீதம் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் மண் போட்டது. அதையும் அள்ளத் தொடங்கிவிட்டீர்கள். மீதியைக் கட்டுவது எக்ஸ்ரேவுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவரும், அவர் வீட்டம்மாள் அடகு வைக்கும் தோடும்தான். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல்.

தாங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டையும் பாராட்டியே ஆக வேண்டும். காசநோயை ஒழிக்க உலகம் வைத்த கெடுவுக்கு ஐந்தாண்டு முன்னதாகவே, 2025-க்குள் ஒழிப்போம் என்று இந்திய அரசு கெடு வைத்திருந்தது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் குழுவினரும் 2003-இல் லான்செட்டில் எழுதியது, இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம் என்பதுதான். உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடுகிறது புகை. ஆக, காசநோய்க்குக் கடைசி ஆண்டு என்று சுவரில் எழுதி வைத்த அதே ஆண்டில் பீடியை மலிவாக்கும் முடிவை எடுத்தீர்கள். சுகாதார அமைச்சகமும் நிதி அமைச்சகமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன என்று கேள்வி.

கடைசியாகப் பென்ஷன். 2001-இல் செக் குடியரசில் ஃபிலிப் மாரிஸ் நிறுவனத்துக்காகத் தயாரான ஓர் அறிக்கை, புகைப்பவர்கள் சீக்கிரம் இறப்பதால் அரசுக்கு ஓய்வூதியச் செலவு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. உலகமே காறித் துப்ப, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தாங்கள் அப்படி எந்த அறிக்கையும் எழுதாதது சாமர்த்தியம். இருந்தாலும் கணக்குக் கணக்குதானே: 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு ஓஏபி என்னும் முதியோர் பென்ஷனில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பீடியில் போகும் ஆறு ஆண்டுக்கு அது 14,400 ரூபாய். இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று நான் நம்புகிறேன். நம்பிக்கையை நிரூபிக்க ஒரு சின்ன வேண்டுகோள்: பீடி பிடிக்கும் ஆண்களுக்குப் பென்ஷன் வயதை 60-லிருந்து 54 ஆகவும், பெண்களுக்கு 52 ஆகவும் குறைக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். வரி குறைந்திருக்கிறது, ஆயுள் குறைகிறது; வயதும் அதே விகிதத்தில் குறைவதில் வரி அதிகாரிகளுக்கு ஆட்சேபம் இருக்காது. அது தங்கள் அதிகார வரம்பில் வராது என்று பதில் வந்தால், வரம்புக்குள் வரும் 28-ஐயாவது பழைய இடத்தில் வைக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்ட நிரலில் பென்சிலுக்கு அருகில் எங்காவது செருகிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் சலுகையால் பயன்பெறாத ஒருவன்.

இணைப்பு: ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. ஆயிரம் பீடிக்கான நல வரி. எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தங்களுக்குத் தெரியாவிட்டால், முக்கூடலுக்கு மணியார்டர் செய்துவிடவும், ரசீது வேண்டாம்.